தவில் கலைஞரின் மரத்த விரல்: கேட்கத் தவறிய ஒரு கேள்வி

இந்தப் பதிவு ஒரு தவில் கலைஞரின் வலது கையைப் பற்றியது. அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய ஊர், கோயில், குழு பற்றிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். என் பிழையும் இதில் இருக்கிறது. இலங்கையின் வடக்கே வன்னியில் கையால் சிகிச்சை செய்கிற எவருக்கும் அதே பிழை நேரலாம் என்பதால் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னணி

நான் வன்னியில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வயல் வேலையில் முதுகு நொந்தவர்களும் மோட்டார் சைக்கிள் விபத்தில் கைகால் முறிந்தவர்களும்தான். அவர்களுக்கு நடுவே பாடசாலைக் கரப்பந்தாட்டப் பிள்ளைகள், மெய்வல்லுனர் போட்டிக்கு ஓடுகிறவர்கள், கூத்தாடுகிறவர்கள், மேளக்காரர்கள் என்று சிலர் வருவார்கள். விளையாட்டுப் பிள்ளையை அழைத்துவரப் பயிற்றுநர் ஒருவராவது இருப்பார். கலைஞர்கள் தனியாகவே வருவார்கள், அதுவும் கை முற்றாக மறுத்த பிறகு.

2023 பெப்ரவரி கடைசியில் வந்தவருக்கு வயது 20களின் பிற்பகுதி. தகப்பனாரும் தவில் வாசித்தவர். சிறுவயதில் அவரிடமும் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு குருவிடமும் கற்றிருக்கிறார். தை முதல் ஆவணி வரை கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் ஓய்வில்லாத வேலை. அந்த மாதங்களில் உழைப்பதை வைத்தே வருடத்தின் மிச்சத்தையும் ஓட்ட வேண்டும்.

தவிலைத் தூரத்தில் நின்று கேட்டவர்களுக்கு அதன் பாரம் தெரியாது. பலா மரத்தில் குடைந்த உடல், அதன் மேல் இறுக்கிய தோல், இப்போதைய தவில்களில் இரும்பு வளையங்களும் திருகாணிகளும். இடது கையில் கோல். வலது கை விரல்களில் பசை தோய்த்த துணியைச் சுற்றி இறுக வைத்த கூடுகள். கச்சேரி என்றால் உட்கார்ந்து வாசிக்கலாம். சுவாமி வெளிவீதி சுற்றும்போது நாடாவை வலது தோளில் மாட்டி, நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். இவருடைய தவிலைப் பின்னொரு நாள் நிறுத்துப் பார்த்தேன். எடை பார்க்கும் கருவியில் முதலில் தவிலோடு நின்றார், பிறகு தவில் இல்லாமல் நின்றார். வித்தியாசம் 11 கிலோவுக்குச் சற்று மேல்.

வந்த முறைப்பாடு

“மோதிர விரல் கூடு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை மிஸ். பக்கத்தில் நின்ற தாளக்காரர்தான் எடுத்துத் தந்தார்” என்றார். அவர் சொன்ன முதல் வசனமே அதுதான்.

நான்கு மாதமாக வலது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் மரத்துப்போகின்றன. முன்கையின் உட்புறமும் விறைக்கிறது. ஊர்வலம் முடிந்த இரவுகளில் கை கனத்து, தூக்கம் கெடுகிறது. இரவிரவாக மேளச்சமா (மேளக் கச்சேரி) வாசித்தாலும் அடுத்த நாள் கை நன்றாகவே இருக்கிறது. இந்தக் கடைசி வசனத்தை அவருடைய சிகிச்சை அட்டையில் எழுதினேன். அதன் பெறுமதி அன்று எனக்குப் புரியவில்லை.

பரியாரியார் (நாட்டு வைத்தியர்) ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார். சலூனில் இரண்டு தடவை கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்திருக்கிறார்கள். அதை உடனே நிறுத்தச் சொன்னேன். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் நாடிகளின் (இரத்தக் குழாய்களின்) உட்சுவர் சடாரென்ற திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் ஒரு சொடக்குச் சத்தத்துக்காக யாரும் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

“வேறு வருத்தம், சத்திரசிகிச்சை, காயம் ஏதும் உண்டா?” என்று கேட்டேன். “ஒன்றும் இல்லை மிஸ்” என்றார்.

முதல் நாள் பரிசோதனை

கழுத்தைப் பின்னும் பக்கமும் சாய்த்து அழுத்தியபோது கைக்கு வலி பாயவில்லை. முழங்கையின் உட்புறத்தில், இடித்தால் மின்சாரம் அடித்தது போல் இருக்குமே, அந்த நரம்பைத் தட்டியும் மடித்தும் பார்த்தேன். மாற்றமில்லை. மணிக்கட்டும் சரி. ஊசி நுனியால் தொட்டபோது சின்ன விரலிலும் மோதிர விரலின் ஒரு பாதியிலும் உணர்வு குறைந்திருந்தது. அந்தக் குறைவு மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உட்புறம் வரை ஏறியது.

இந்த எல்லைக்கோடு முக்கியமானது. முழங்கையில் நெரிபடும் நரம்பு விரல்களை மரக்கச் செய்யும். முன்கை உட்புறத் தோலுக்கு அது கிளை கொடுப்பதில்லை. அந்தத் தோலுக்குப் போகும் நரம்பு அக்குளிலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே கோளாறு முழங்கைக்கு மேலே இருக்க வேண்டும். கழுத்திலிருந்து வரும் நரம்புப் பின்னல் காறை எலும்புக்கும் முதலாம் விலா எலும்புக்கும் இடையே நுழைந்து கைக்கு இறங்குகிறது. சந்தேகம் அந்த இடத்தில் விழுந்தது.

இரண்டு கைகளையும் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, முழங்கையை மடித்து, விரல்களை மூடித் திறக்கச் சொன்னேன். மூன்று நிமிடம் செய்ய வேண்டிய சோதனை அது. ஒரு நிமிடம் கடந்ததும் வலது கை தானாகவே சரிந்தது. கை நீலம் பாயவில்லை, வீங்கவில்லை. இரு பக்க நாடித்துடிப்பும் ஒரே மாதிரி இருந்தது. இரத்தக் குழாய் நெரிபட்டிருந்தால் அன்றே வைத்தியரிடம் அனுப்பியிருப்பேன்.

பிடியின் பலத்தை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம் வரை ஊதி, அதை நசுக்கச் சொன்னேன். இடது கை 260ஐத் தொட்டது. வலது கை 210இல் நின்றது. இவர் வலக்கைப் பழக்கமுள்ளவர், வலது கைதான் கூடுதல் பலமாக இருந்திருக்க வேண்டும்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தோளில் நாடா அழுத்துவதால் நரம்புப் பின்னல் நெரிபடுகிறது என்று முடிவு செய்தேன். பாரமான முதுகுப்பை சுமக்கும் படைவீரர்களிடம் இதே போன்ற நரம்புக் கோளாறு அறியப்பட்டிருப்பதால் அந்த விளக்கம் பொருந்தியது. கழுத்தின் பக்கத் தசைகளையும் மார்பின் மேற்பகுதித் தசையையும் கையால் தளர்த்துவது, முதலாம் விலா எலும்பை மூச்சோடு சேர்த்து மெல்ல அசைப்பது, நரம்பு தன் பாதையில் வழுக்கி ஓடும்படி வீட்டில் செய்யும் கைப்பயிற்சி என்று திட்டமிட்டேன்.

முதல் அமர்வு முடிந்து எழுந்தபோதே “கை லேசாகிவிட்டது” என்றார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. அடுத்த ஊர்வலத்தோடு பழையபடி வந்தது. இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் அதே கதை. கை வைத்த இடத்தில் சுகம் கிடைப்பதை நோயாளியும் விரும்புகிறார், கொடுப்பவரும் விரும்புகிறார். இரண்டு நாள் சுகம் ஏன் மூன்றாம் நாளுக்குப் போகவில்லை என்ற கேள்வியை நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். இன்னொரு குறிப்பும் என் அட்டையில் கிடந்தது: தகப்பனார் 30 வருடம் அதே தோளில் அதே மாதிரி நாடாவோடு வாசித்தவர், அவருக்கு ஒரு நாளும் விரல் மரத்ததில்லை. நாடா மட்டுமே காரணமென்றால் அவர் எப்படித் தப்பினார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவது வருகையின் முடிவில், ‘அடுத்த முறை ஷோர்ட்வேவ் சூடு, கழுத்தும் தோளும், 15 நிமிடம்’ என்று அட்டையில் எழுதியிருந்தேன்.

நான்காம் வருகை

அன்று கழுத்தின் பக்கத் தசையில் வழக்கத்தைவிடச் சற்று ஆழமாக அழுத்தினேன். காறை எலும்புக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில், தசைக்குள், உளுந்துப் பருப்பளவில் ஒரு கடினம் தட்டுப்பட்டது. நிணநீர்க் கணு என்றால் விரலின் கீழ் வழுக்கும். இது அசையவில்லை. மறுபடி தொட்டதும் அவர் கையை உதறினார். சின்ன விரல் நுனி வரை மின்சாரம் அடித்ததாம்.

கையை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். அதுவரை கழுத்துப் பட்டியை விலக்கித்தான் பார்த்திருந்தேன். பெண்களும் இருக்கும் அறை, அவர் கூச்சப்பட்டார், நானும் வற்புறுத்தவில்லை. வெளிச்சத்தில் பார்த்தபோது நெல்மணி நீளத்தில் ஒரு வெளிறிய தழும்பு. தோள்பட்டைக்குப் பின்னால் இன்னொன்று.

“தம்பி, இது என்ன?”

“பீஸ் மிஸ். 2009இல் பட்டது.”

“காயம் இருக்கிறதா என்று கேட்டேனே.”

“இது காயம் இல்லைத்தானே மிஸ். சின்னது.”

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: செல் (எறிகணை) வெடித்துச் சிதறி உடம்புக்குள் தங்கிவிட்ட உலோகத் துண்டை இங்கே ‘பீஸ்’ என்பார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது இவர் பாடசாலைச் சிறுவன். அந்த மாதங்களில் கால் போனவர்களையும் கண் போனவர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இரத்தம் தானாக நின்றுவிட்ட ஒரு சிறு துளை காயக் கணக்கில் வராது. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் அவருடைய அளவுகோலுக்குப் பொருந்தவில்லை.

அட்டையில் இருந்த ஷோர்ட்வேவ் வரியைச் சிவப்பு மையால் வெட்டினேன். அந்தக் கருவி உடலின் ஆழத்தில் சூடு உண்டாக்குகிறது. உடலுக்குள் உலோகம் இருந்தால் சூடு அதைச் சுற்றிக் குவிந்து திசுவைச் சுடும். நரம்புப் பின்னலுக்கு அருகில் அது நடந்திருந்தால் அந்த விரல்கள் பிறகு தவிலில் விழுந்திருக்குமா தெரியாது. அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதன் பின் நடந்தவை

கழுத்துப் பகுதியில் கைச்சிகிச்சையை நிறுத்தி, பார்த்ததை எல்லாம் எழுதிக் கடிதத்துடன் வைத்தியரிடம் அனுப்பினேன். இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன: ஒன்று காறை எலும்புக்கு மேலே, மற்றது தோள்பட்டைத் தசையில். சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் ஒரு மேலதிக விலா இருக்கும், அதுவும் இதே தொல்லையைத் தரும். இவருக்கு அது இல்லை. எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று வைத்தியர் தீர்மானித்தார். செல் துண்டு காந்தத்துக்கு இழுபடும் உலோகமாக இருந்தால், நரம்புக்கும் பெரிய இரத்தக் குழாய்க்கும் பக்கத்தில் அது அசையவோ சூடாகவோ கூடும்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி நரம்புக் கடத்தல் சோதனை செய்தார்கள். முன்கை உட்புறத் தோல் நரம்பிலும் சின்ன விரல் நரம்பிலும் சமிக்ஞை குறைந்திருந்தது. தசைகளுக்குப் போகும் நரம்புகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர் துண்டை இப்போது எடுக்க வேண்டாம் என்றார். அது பழைய தழும்புத் திசுவில் புதைந்திருக்கிறது, நரம்பும் நாடியும் ஒட்டி ஓடும் இடம், எடுக்கப் போவதால் வரும் சேதம் அதிகமாகலாம். கையின் பலம் குறைந்தால் திரும்ப யோசிக்கலாம் என்பது அவருடைய முடிவு. அது எனக்கும் சரியாகப் பட்டது.

13 வருடம் சும்மா இருந்த துண்டு ஏன் இப்போது தொல்லை தந்தது? நேரே கேட்ட பிறகுதான் கதை வந்தது. தகப்பனாரின் பழைய தவிலை விட்டு, இரும்பு வளையம் பூட்டிய பாரமான புதிய தவிலை 2022இல் வாங்கியிருக்கிறார். கொரோனாக் காலத்திலும் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் குறைந்திருந்த ஊர்வல வேலை அந்த வருடக் கடைசியில் ஒரேயடியாகக் கூடியிருக்கிறது.

கோயில் வீதியில் கண்டது

ஏப்ரலில் ஒரு மாலை, அவர் வாசிக்கும் திருவிழாவுக்கே போனேன். ஊர்வலத்தில் வாசிக்க வேண்டாம் என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தேன். அன்று குழுவில் ஆள் குறைந்ததால் ஒரு சுற்று மட்டும் வாசிக்கிறேன் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் பார்க்க வேண்டியிருந்தது.

வீதி முழுக்க மணல். கால் புதையும்போதெல்லாம் தவில் ஒரு தடவை கீழே இழுபட்டு ஏறியது. நாடா மூன்று விரல் அகலம்கூட இல்லை. வியர்வையில் நனைந்து கயிறு போலச் சுருண்டு கழுத்தோரம் ஏறிவிட்டது. வேகமான கோர்வை வந்தபோது பிடிப்புக்காக வலது தோளை உயர்த்தி, தலையை இடப்பக்கம் சாய்த்தார். அந்த நிலையில் நாடா விழுந்த இடம் அந்தத் தழும்புதான். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கட்டிலில் படுக்கவைத்து நான்கு வாரம் தேடியது மேள முழக்கத்தின் நடுவே பத்து நிமிடத்தில் கிடைத்தது. உட்கார்ந்து வாசிக்கும்போது தோளில் நாடாவே இல்லை. சமா முடிந்த நாட்களில் கை நன்றாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

பாரத்தை இடம் மாற்றியது

ஓய்வெடு என்று சொல்வது எளிது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி இன்னும் பரபரப்பாகும் காலத்தில் ஒரு தவில்காரரை வீட்டில் இருத்தினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எனவே துண்டின் மேல் பாரம் விழாமல் வாசிக்க வழி தேடினோம்.

நாடாவை வலது தோளின் வெளிநுனிக்குத் தள்ளிப் பார்த்தோம். வழுக்கியது. இடது தோளுக்கு மாற்றினால் தவில் நிற்கும் கோணம் மாறி வலது மணிக்கட்டு முறுகியது. குருவிடம் அழைத்துப் போனார். “தவில் நிற்கிற நிலை மாறினால் நாதமும் மாறும்” என்று அவர் மறுத்தார். அவர் சொன்னது நியாயம். ஆனால் நாடாவின் அகலத்தை மாற்றவோ இடுப்பில் பாரம் கொடுக்கவோ அவர் தடை சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் தீர்வு இருந்தது.

செருப்புத் தைக்கும் ஒரு ஐயா 9 சென்ரிமீற்றர் அகலத்தில், உள்ளே கம்பளித் துணி வைத்து ஒரு நாடா தைத்துத் தந்தார். தழும்புக்கு நேரே வரும் இடத்தில் துணியை அகற்றி, பாரம் இரு ஓரங்களிலும் மட்டும் தாங்கும்படி ஒரு குழி விட்டார். அந்தக் குழி அவருடைய யோசனை, என்னுடையதன்று. “ஆணி குத்துகிற காலுக்கு இப்படித்தான் அடி வெட்டுவோம் பிள்ளை” என்றார். அதோடு இடுப்பில் ஒரு தோல் பட்டி. அதன் கொளுக்கி தவிலின் வளையத்தில் மாட்டி, பாரத்தின் ஒரு பங்கை இடுப்பெலும்புக்குக் கொடுத்தது. மேலே சால்வையைக் கட்டினால் வெளியே தெரியாது. குழுத் தலைவர் ஊர்வலத்தில் இரண்டு தவில்களும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை முறை மாறி வாசிக்க ஒப்புக்கொண்டார்.

என் கைகளுக்கு மிஞ்சிய வேலை குறைவு. துண்டிலிருந்து தூரமாக, மார்பின் முன்தசையையும் முதுகின் மேற்பகுதியையும் தளர்த்தினேன். மணல் நிரப்பிய போத்தல்களைப் பிடித்துத் தோளை மேலே தூக்கும் பயிற்சி, சுவரில் கையூன்றித் தோள்பட்டையை முன்னே தள்ளும் பயிற்சி, நரம்பு வழுக்கும் பயிற்சி ஆகியவற்றை அவர் நாள்தோறும் செய்தார். கையைத் தலைக்கு மேல் போட்டுத் தூங்கும் பழக்கத்தையும் விட்டார்.

விளைவு

புதிய நாடா மே முதல் வாரத்தில் தோளேறியது. ஆறு வாரத்தில் முன்கை விறைப்பு நின்றது, இரவில் தூக்கம் வந்தது. ஜூன் கடைசியில் ஒரு சறுக்கல். அவசரத்தில் புதிய நாடாவை வீட்டில் விட்டுவிட்டு, கடன் வாங்கிய பழைய நாடாவோடு மூன்று மணிநேரம் வாசித்திருக்கிறார். இரண்டாம் நாளே விரல்கள் மரத்தன. தணிய பத்து நாள் எடுத்தது. அதற்குப் பிறகு அவர் நாடாவைத் தவிலை விட்டுக் கழற்றுவதே இல்லை.

ஆவணித் திருவிழாக்கள் முடிந்த கையோடு திரும்பப் பரிசோதித்தேன். கைகளை உயர்த்தும் சோதனையை மூன்று நிமிடமும் செய்து முடித்தார். பட்டை அளவில் வலது கை 250. மோதிர விரல் நுனியில் மட்டும் ஊசி சற்று மங்கலாகவே தெரிகிறது. அது முற்றாகத் திரும்புமென்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. துண்டு அதே இடத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பலம் பார்க்கிறோம். விரல் பலம் குறைந்தாலும் உள்ளங்கைத் தசை வற்றினாலும் தாமதிக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாற்றியவை

அட்டையில் ‘காயம் உண்டா’ என்ற வரியை அடித்துவிட்டேன். இப்போது ஊர்ச் சொல்லிலேயே கேட்கிறேன் (துப்பாக்கிக் குண்டை இங்கே ‘ரவை’ என்பார்கள்): “உடம்பில் எங்கேயாவது பீஸ், ரவை இருக்கிறதா? சின்னது என்றாலும் சொல்லுங்கள். எடுத்தார்களா, உள்ளேயே இருக்கிறதா?” சில முகங்கள் அந்தக் கேள்வியில் இறுகும். அப்போது எப்படிப் பட்டது, யாரோடு இருந்தபோது பட்டது என்றெல்லாம் கேட்பதில்லை. எந்த இடம் என்பது மட்டும் எனக்குப் போதும். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் ஷோர்ட்வேவ் கருவியை யாரும் இயக்குவதில்லை. சட்டையை விலக்காமல் கழுத்தையும் தோளையும் பார்ப்பதில்லை. அதற்காகவே அறையில் ஒரு மறைப்புத் திரை தைத்துப் போட்டோம். கலைஞர் என்றால் இரண்டாவது வருகைக்கு வாத்தியத்தோடு வரச் சொல்கிறேன், அல்லது வாசிக்கும் இடத்துக்குப் போகிறேன். ஓடுகிற பிள்ளையை ஓடவிட்டுப் பார்க்கத் தெரிந்த எனக்கு, வாசிக்கிறவரை வாசிக்கவிட்டுப் பார்க்கத் தோன்ற இவ்வளவு காலம் எடுத்தது என்பதில் வருத்தம் உண்டு.

கேள்வியை மாற்றிய முதல் வாரத்திலேயே, இடுப்பு வலிக்கு என்னிடம் பல மாதமாக வந்துகொண்டிருந்த வலைப்பந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர், தொடையில் ஒன்று இருப்பதாகச் சொன்னார். அவருக்கும் நான் முன்பு சூடு கொடுத்திருக்கிறேனா என்று பழைய அட்டைகளைப் புரட்டினேன். நல்லவேளை, கொடுக்கவில்லை.

அடுத்த வருடம் அதே குழுவின் நாதஸ்வரக்காரர் தாடை வலியோடு வந்தார். தவில்காரர்தான் அனுப்பியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் அட்டையைத் திறப்பதற்குள் அவரே தொடங்கினார்.

“மிஸ், முதலில் இதைச் சொல்லச் சொல்லி அனுப்பினான். எனக்கு இரண்டு இருக்கிறது. ஒன்று முதுகில், மற்றது இங்கே, காதுக்குக் கீழே.”